ஏலக்காய்க் கடை சர்வரும் நீட்ரீஸ்டார்ட் ஓட்டையும்

போடியில் ஏலக்காய்க் கடைக்காரர்களின் கணக்கறையிலும், மெட்டுக்கு மேலே நெடுங்கண்டம், வண்டன்மேடு, கட்டப்பனைப் பக்கத்து எஸ்டேட் ஆபீஸ்களிலும் மூலையில் ஒரு லினக்ஸ் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். உபுண்டு சர்வர் 22.04 போட்டது, மேலே தூசி, கீழே யூபிஎஸ். உள்ளே போஸ்ட்கிரெஸ், பிஎச்பியில் எழுதிய பில்லிங், சாம்பாவில் ஒரு பொதுக் கோப்புறை. புத்தடியிலோ போடியிலோ ஸ்பைசஸ் போர்டு மின் ஏலத்தில் எடுத்த லாட்டின் எடை, ரகம், விலை, யாருக்கு எத்தனை நாள் தவணை என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். எஸ்டேட் கூலிப் பட்டியல் மலையிலிருந்து விபிஎன் வழியாக இறங்கும்.

இந்தப் பெட்டியின் பாதுகாப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் வருகிற பதில் ஒன்றே: "ரூமைப் பூட்டித்தாண்ணே வெச்சிருக்கோம், உள்ள ஏற யாரு இருக்கா?"

யூசர் பட்டியலை எடுத்துப் பார்த்தால் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். முதலாளி மகன் பெயரில் ஒன்று, கணக்குப்பிள்ளைக்கு ஒன்று, போன சீசனிலேயே வேலையை விட்டுப் போனவருக்கு ஒன்று, சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர்கள் விட்டுச் சென்ற 'சப்போர்ட்' ஒன்று. ஆள் இல்லாத ஐடிகளும் உண்டு. பிஎச்பி ஓடுவது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற ஐடியில். தரவுத்தளம் ஓடுவது போஸ்ட்கிரெஸ் என்ற ஐடியில். பில்லிங் பக்கத்தில் லாட் ஸ்லிப்பை ஸ்கேன் செய்து ஏற்றுகிற இடத்தில் கோப்பின் வகையைச் சரிபார்க்காமல் விட்டிருந்தால், எங்கோ உட்கார்ந்திருப்பவன் படத்துக்குப் பதில் ஒரு பிஎச்பி கோப்பை ஏற்றிவிட்டு அந்த வெப் ஐடியாகவே உள்ளே வந்து நிற்பான். பூட்டிய ரூமுக்கு இதில் வேலையே இல்லை.

அப்படி வந்தவனால் பில்லிங் கணக்கைப் பார்க்க முடியும். தரவுத்தளத்தின் பாஸ்வேர்டு பிஎச்பி கோப்பிலேயே கிடப்பதால் அதையும் எடுத்துவிடுவான். அதற்கு மேல் கை நீளக் கூடாது. பேக்கப்பைத் தொடுவதும், லாக்கை அழிப்பதும், எஸ்டேட்டுக்குப் போகிற விபிஎன் சாவியை எடுப்பதும் முழு அதிகாரமுள்ள ரூட் ஐடிக்கு மட்டுமே உரியவை. சாதாரண ஐடியிலிருந்து ரூட்டுக்கு ஏற வழி கொடுக்கிற ஓட்டைக்குத்தான் லோக்கல் பிரிவிலேஜ் எஸ்கலேஷன் என்று பெயர். தனியாகப் பார்த்தால் அரைக் கதை. வெப் ஓட்டையோடு சேர்ந்தால் பேக்கப்பும் போய், மலைமேல் இருக்கிற ஆபீஸும் சேர்ந்து போகும்.

இந்த வகையில் 2024 நவம்பர் 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான குவாலிஸார் வெளியிட்ட நீட்ரீஸ்டார்ட் ஓட்டை, உபுண்டு சர்வர் வைத்திருப்பவர்கள் உட்கார்ந்து புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. அப்டேட் போடாத சர்வரைவிட, ஒழுங்காக அப்டேட் போடுகிற சர்வரில் அது சீக்கிரம் வேலை செய்தது.

(கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

நீட்ரீஸ்டார்ட் செய்கிற வேலை

ஓப்பன்எஸ்எஸ்எல் மாதிரி ஒரு லைப்ரரிக்குப் புதுப் பதிப்பு வருகிறது. உபுண்டுவில் பொதிகளை இறக்கி நிறுவும் ஆப்ட் அதை டிஸ்க்கில் மாற்றிவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அப்பாச்சியும் போஸ்ட்கிரெஸும் மெமரியில் பழைய லைப்ரரியையே பிடித்துக்கொண்டிருக்கும். சர்வீஸை மறுபடி தொடங்குகிற வரை அப்டேட் போட்டும் பலனில்லை. எந்தெந்த சர்வீஸ் அப்படிப் பழையதைப் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் நீட்ரீஸ்டார்ட். ஆப்ட், பொதியைப் பிரித்துப் போடும் டிபிகேஜியை ஓட்டி முடித்த கையோடு இதையும் கூப்பிடும், ஓடுவது ரூட்டாக. உபுண்டு சர்வரில் 21.04 முதல் இது தானாகவே நிறுவப்பட்டு வருகிறது. ஆகவே எல்டிஎஸ் எனும் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில் 22.04-தான் முதலில் மாட்டியது. அப்டேட் முடிந்ததும் ஊதா நிறத்தில் 'எந்த சர்வீஸ்களை மறுபடி தொடங்கட்டும்' என்று ஒரு பெட்டி வருமே, அது இதன் வேலைதான்.

சியில் எழுதிக் கம்பைல் செய்த நிரல் என்றால் வேலை சுலபம். கெர்னல் தரும் ப்ராக் கோப்புகளில் அந்த ப்ராசஸ் எந்த லைப்ரரியை ஏற்றியிருக்கிறது, அந்தக் கோப்பு டிஸ்க்கில் அழிக்கப்பட்டுவிட்டதா என்று பார்த்துவிடலாம். பைத்தான், ரூபி, பெர்ல் நிரல்களில் அது போதாது. ஓடுவது பைத்தான் என்ற ஒரே பைனரி. அது எந்த மாட்யூலை எங்கிருந்து எடுத்தது என்பது கெர்னலுக்குத் தெரியாது. ஆகவே நீட்ரீஸ்டார்ட் அந்த ப்ராசஸின் என்விரான்மென்ட்டை (தொடங்கும்போது அதனிடம் கொடுக்கப்பட்ட மாறிகளின் பட்டியலை) படித்து, அதிலிருக்கும் பைத்தான்பாத் என்ற மாறியை எடுத்துத் தனக்கு வைத்துக்கொண்டு, தானே ஒரு பைத்தானை ஓட்டி 'மாட்யூல்களை எந்தெந்த இடத்தில் தேடுவாய்' என்று கேட்கும்.

கேட்பது ரூட். தேட வேண்டிய இடத்தைச் சொல்வது யாரோ ஒரு சாதாரண யூசர். குமுளிச் சோதனைச்சாவடியில் லாரியை எடை போட வந்த அதிகாரி தராசை லாரிக்காரரிடமே இரவல் வாங்கியது போல. பைத்தான் எழுந்திருக்கும்போதே சில மாட்யூல்களை ஏற்றிக்கொள்ளும். அதே பெயரில் ஒரு போலியைத் தன் கோப்புறையில் வைத்து, பைத்தான்பாத்தை அங்கே திருப்பி, ஒன்றும் செய்யாத ஒரு பைத்தான் நிரலைத் தூங்கவிட்டால் போதும். அடுத்த முறை ஆப்ட் ஏதாவது பொதியை நிறுவும்போது நீட்ரீஸ்டார்ட் வந்து, அந்தத் தூங்குகிற ப்ராசஸைப் பார்த்து, அதன் பைத்தான்பாத்தை எடுத்து, போலி மாட்யூலை ரூட்டாக ஓட்டிவிடும். இதுதான் சிவிஇ-2024-48990 (சிவிஇ என்பது ஓட்டைகளுக்கு உலக அளவில் கொடுக்கும் பதிவு எண்). தீவிரம் 10-க்கு 7.8.

தாக்குகிறவன் எதையும் உடைக்கவில்லை, நேரத்தோடு போட்டி போடவில்லை, மெமரியைக் குலைக்கவில்லை. காத்திருந்தான், அவ்வளவுதான். எத்தனை நேரம் காத்திருக்க வேண்டும் என்றால், உபுண்டுவின் தானியங்கி அப்டேட் டைமர் காலை 6 மணிக்கு வைக்கப்பட்டது. அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு நிமிஷத்தில் தொடங்கும். அன்றைக்குப் பாதுகாப்பு அப்டேட் எதுவும் இல்லாவிட்டால் அடுத்த நாள்.

பைத்தான் பகுதி நுழைந்தது 0.8 பதிப்பில், 2014 ஏப்ரலில். பத்து வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. குவாலிஸார் கிளறத் தொடங்கியதும் கூடவே இன்னும் நான்கு வெளிவந்தன. ரூபிக்கு ரூபிலிப் என்ற மாறி வழியாக அதே தவறு (48992). ஓடுவது உண்மையான பைத்தான் பைனரிதானா என்று பார்ப்பதற்கும் அதை ஓட்டுவதற்கும் நடுவில் உள்ள இடைவெளியில் பைனரியை மாற்றி வைக்கிற ஓட்டை (48991). மீதி இரண்டும் பெர்ல் பக்கம். நீட்ரீஸ்டார்ட் பயன்படுத்தும் மாட்யூல் ஸ்கேன்டெப்ஸ் என்ற லைப்ரரி கோப்பைத் திறக்கும்போது பெர்லின் பழைய இரண்டு-ஆர்க்யுமென்ட் 'ஓப்பன்' முறையைப் பயன்படுத்தியது. அந்த முறையில் கோப்பின் பெயர் குழாய்க்குறியில் (|) முடிந்தால் பெர்ல் அதைக் கட்டளையாக எடுத்து ஓட்டிவிடும் (10224). அப்படிப்பட்ட பெயரை வடிகட்டாமல் லைப்ரரியிடம் கொடுத்தது நீட்ரீஸ்டார்ட்டின் குற்றம் (11003). நீட்ரீஸ்டார்ட் 3.8-லும் ஸ்கேன்டெப்ஸ் 1.36-லும் சரிசெய்துவிட்டார்கள்.

சென்ட்ஓஎஸ் வழி வந்த ஆல்மா, ராக்கி லினக்ஸ்களில் உள்ள 'நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங்' என்பது வேறு கருவி. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உபுண்டு 20.04-இலும் நீட்ரீஸ்டார்ட் தானாக வராது; யாராவது நிறுவியிருந்தால் உண்டு.

சரிபார்க்கும்போது சறுக்குகிற இடம்

'டிபிகேஜி -எல் நீட்ரீஸ்டார்ட்' என்று அடித்தால் 22.04-இல் 3.5 என்று தொடங்கும், 24.04-இல் 3.6 என்று தொடங்கும். 3.8-இல்தானே சரிசெய்தார்கள், நமக்கு இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மூலக்கோடை இறக்கி மேலே போட்டு மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் இனி ஆப்ட் அதைக் கவனிக்காது. அடுத்த ஓட்டைக்கு நீங்களே பொறுப்பு. உபுண்டுவும் டெபியனும் பதிப்பு எண்ணை உயர்த்தாமல், திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் தைத்துக் கொடுப்பார்கள். பார்க்க வேண்டியது எண்ணின் வாலையும் மாற்றக் குறிப்பையும். 'ஆப்ட் சேஞ்ச்லாக் நீட்ரீஸ்டார்ட்' என்று அடித்து அதற்குள் 48990 என்று தேடுங்கள். அந்த எண் வருகிற பத்தியின் தலையில் உள்ள பதிப்போ அதற்குப் பிந்தையதோ உங்கள் பெட்டியில் இருந்தால் சரி. 'ஆப்ட் சேஞ்ச்லாக்' புதிய பதிப்பின் குறிப்பை இணையத்திலிருந்து எடுத்துவரும். அது உங்கள் பெட்டியில் இருப்பதன் குறிப்பு என்று எடுத்துக்கொண்டு ஏமாற வேண்டாம். 'டிபிகேஜி -எல்' காட்டிய எண்ணோடு ஒப்பிட்டே தீர வேண்டும். 'லிப்மாட்யூல்-ஸ்கேன்டெப்ஸ்-பெர்ல்' என்ற பொதிக்கும் இதே சோதனை, எண் 10224.

திருத்தம் வரவில்லை என்றால் நேரே அப்டேட் போடாமல் ஒரு வரியை மாற்றிவிட்டுப் போடுவது நல்லது. ஆப்ட் ஓடினால்தான் இந்த ஓட்டை திறக்கும். திருத்தத்தைக் கொண்டுவரவும் ஆப்ட்தான் ஓட வேண்டும். புதுப் பதிப்பு நிறுவப்பட்ட பிறகு அழைப்பு போனால் புதியது ஓடும். ஆனால் பெரிய அப்டேட்டில் ஆப்ட் டிபிகேஜியைப் பல தவணையாக அழைக்கலாம். நடுவில் பழையது ஓட வாய்ப்புண்டு. ஆகவே இடிசிக்குள் நீட்ரீஸ்டார்ட் கோப்புறையில் இருக்கும் நீட்ரீஸ்டார்ட்.கான்ஃப் கோப்பைத் திறந்து, 'இன்டர்ப்ஸ்கேன்' என்று தேடுங்கள். முன்னால் ஹேஷ் போட்ட ஒரு வரி இருக்கும், மதிப்பு 0. ஹேஷை மட்டும் எடுங்கள். வரியின் முன்னால் உள்ள டாலர் குறியும் கடைசியில் உள்ள அரைப்புள்ளியும் இருந்தபடியே இருக்கட்டும். அந்தக் கோப்பு பெர்ல் நிரலாகவே படிக்கப்படுகிறது. அரைப்புள்ளி போனால் நீட்ரீஸ்டார்ட் எழும்பவே எழும்பாது. மாற்றியதும் 'நீட்ரீஸ்டார்ட் -ஆர் எல்' என்று ஒரு முறை ஓட்டுங்கள். எதையும் மறுபடி தொடங்காமல் பட்டியல் மட்டும் காட்டும். பட்டியல் வந்தால் கோப்பு சரி.

இதன் பிறகு 'ஆப்ட் அப்டேட்', 'ஆப்ட் அப்கிரேட்'. நீங்கள் கான்ஃப் கோப்பைத் தொட்டிருப்பதால், புதிய பொதியிலும் அது மாறியிருந்தால் 'உன்னுடையதை வைக்கவா, என்னுடையதை வைக்கவா' என்று டிபிகேஜி கேட்கலாம். என்டர் தட்டினால் உங்களுடையதே இருக்கும். மலைப்பக்கத்து மழையில் கரண்டும் நெட்டும் சேர்ந்து போகிற நாளில் இதைச் செய்ய வேண்டாம். பாதியில் அறுந்தால் ஆப்ட் 'டிபிகேஜி இடையில் நின்றுவிட்டது' என்று அடம் பிடிக்கும்; 'டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து முடிக்கும். விபிஎன் வழியாக மேலிருந்து செய்கிறவர்கள் டீமக்ஸ் அல்லது ஸ்க்ரீனுக்குள் இருந்து செய்யுங்கள். லைன் போனாலும் வேலை ஓடும்.

எல்லாம் முடிந்த பிறகு அந்த ஹேஷைத் திரும்பப் போடலாமா? போடாமலே விடலாம் என்பது என் கருத்து. அதை நிறுத்துவதால் போவது பைத்தான், ரூபி, பெர்ல் ஸ்கிரிப்டுகளின் உள்மாட்யூல் சோதனை மட்டுமே. அந்த பைனரிகள் பழைய ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பிடித்திருக்கின்றனவா என்ற சோதனை அப்படியே நடக்கும். ஒரு பில்லிங்கும் ஒரு தரவுத்தளமும் மட்டும் ஓடுகிற பெட்டிக்கு அந்த நுணுக்கம் தேவையில்லை.

யாராவது முன்பே காத்திருந்தார்களா என்று பார்க்க ஒரு எளிய தேடல். ரூட்டாக இருந்து, ப்ராக் கோப்புறையில் எண் பெயருள்ள ஒவ்வொரு அடைவின் என்விரான் கோப்பிலும் 'கிரெப் -எல்' வைத்து பைத்தான்பாத் என்ற சொல்லைத் தேடுங்கள், பிறகு ரூபிலிப்பை. வந்த ப்ராசஸ் எண்களை 'பிஎஸ்' கொண்டு பார்த்தால் எந்த ஐடி, எப்போது தொடங்கியது என்று தெரியும். பைத்தான்பாத் இருந்தாலே குற்றம் இல்லை. சில சாஃப்ட்வேர்கள் ஓப்ட் கோப்புறையைக் காட்டி வைத்திருக்கும். டெம்ப், ஷேர்டு மெமரி, வெப்பின் அப்லோடு கோப்புறை என்று காட்டினால், அதிலும் ஓடுவது வெப் ஐடியில் என்றால், அங்கேயே கையை எடுத்துவிட்டு இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

டெம்ப் கோப்புறையை நோஎக்ஸெக் என்று மவுன்ட் செய்துவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். கம்பைல் செய்த பைனரிக்கும் .எஸ்ஓ கோப்புக்கும் அது தடைதான். பைத்தான் எழுத்துக் கோப்புக்கு இல்லை: பைத்தான் அதை 'ஓட்டுவதில்லை', படிக்கிறது.

இதே குடும்பம்

நீட்ரீஸ்டார்ட்டைத் தனி விபத்தாகப் பார்த்தால் அடுத்ததில் மாட்டுவோம். அதிகாரம் உள்ள நிரல், அதிகாரம் இல்லாதவன் ஒழுங்குபடுத்தி வைத்த சூழலை அப்படியே நம்புவது: இந்த ஒரே வேரில் பெரிய பெரிய ஓட்டைகள் முளைத்திருக்கின்றன.

2022 ஜனவரி 25 அன்று வெளிவந்த ப்வன்கிட் (சிவிஇ-2021-4034) போல்கிட் தொகுப்பில் உள்ள, வேறு யூசரின் அதிகாரத்தில் ஒரு கட்டளையை ஓட்டித் தரும் பிகேஎக்ஸெக் நிரலில் இருந்தது. 2009 மே மாதத்து முதல் பதிப்பிலிருந்தே இருந்தது. எந்த நிரலுக்கும் ஆர்க்யுமென்ட் பட்டியலில் முதலாவதாக அதன் பெயராவது வரும் என்று பிகேஎக்ஸெக் நம்பியது. லினக்ஸில் அந்தப் பட்டியலை முழுக்கக் காலியாகக் கொடுத்தும் ஒரு நிரலைத் தொடங்க முடிந்தது. காலியாகக் கொடுத்தால் நிரல் இல்லாத இரண்டாவது ஆர்க்யுமென்ட்டைத் தேடிப்போய், மெமரியில் அதற்கு அடுத்து இருக்கும் என்விரான்மென்ட் பட்டியலின் முதல் இடத்தைப் படிக்கும். பிறகு அதே இடத்தில் எழுதவும் செய்யும். சாதாரணமாக எஸ்யூஐடி நிரல் (யார் ஓட்டினாலும் கோப்பின் உரிமையாளருடைய, பெரும்பாலும் ரூட்டின், அதிகாரத்தோடு ஓடுவது) தொடங்கும்போதே லோடர் ஆபத்தான மாறிகளைத் துடைத்துவிடும். இங்கே துடைத்த பிறகு நிரலே தன் கையால் அதில் ஒன்றைத் திரும்ப எழுதிக்கொண்டது. அந்த மாறி எழுத்துருமாற்ற லைப்ரரியை எங்கிருந்து எடுப்பது என்று சொல்வது. மீதி தானாக நடக்கும். ஓப்பன்பிஎஸ்டியில் காலிப் பட்டியலோடு நிரலைத் தொடங்கவே முடியாது என்பதால் அது தப்பித்தது. லினக்ஸ் கெர்னல் 5.18-இல்தான் காலிப் பட்டியல் வந்தால் ஒரு வெற்றுச் சரத்தையாவது நுழைத்துவிடுவது என்று முடிவானது.

டெஸ்க்டாப் இல்லாத கணக்கறை சர்வரில் பிகேஎக்ஸெக்குக்கு எஸ்யூஐடி தேவைப்படுவது அபூர்வம். 'சிஎச்மாட் 0755' கொடுத்து அதை எடுத்துவிடலாம். பொதி அப்டேட் ஆகும்போது அது திரும்ப வந்துவிடும் என்பதால் 'டிபிகேஜி-ஸ்டேட்ஓவர்ரைடு' வழியாகப் பதிந்து வைப்பதே நிலையான வழி. மேற்பக்கத்துக் கேரளப் பள்ளிகளில், கைட் என்ற அரசு அமைப்பு தரும் லினக்ஸில் பழகி வந்த பிள்ளைகள் இந்த வேலைகளை இப்போது பார்க்கிறார்கள். அந்த டெஸ்க்டாப்பில் இதைச் செய்தால், பாஸ்வேர்டு கேட்டு பிகேஎக்ஸெக் வழியாக எழும்புகிற சில நிரல்கள் நின்றுபோகும். அங்கே அப்டேட் மட்டும் போதும்.

ரூட்டாக ஒரு கட்டளையை ஓட்டித் தரும் சூடோவின் கதை இரண்டு. 2021 ஜனவரி 26 அன்று வந்த பாரன் சமெடிட் (சிவிஇ-2021-3156) 2011 ஜூலையிலிருந்து பதுங்கியிருந்தது, 1.9.5பி2-இல் சரி. பழைய பெட்டி கையில் வந்தால் சாதாரண யூசராக 'சூடோஎடிட் -எஸ் /' என்று அடியுங்கள். பதில் 'யூசேஜ்' என்று தொடங்கினால் திருத்தியது. 'சூடோஎடிட்' என்று தொடங்கினால் திருத்தாதது. அடுத்தது 2025 ஜூன் 30-இல் வந்த சிவிஇ-2025-32463. 1.9.14 முதல் 1.9.17 வரை உள்ளது, 1.9.17பி1-இல் சரி. சிஎச்ரூட் கோப்புறையை (நிரலுக்கு டிஸ்க்கின் வேர் இதுதான் என்று காட்டும் கோப்புறையை) யூசரே சொல்லலாம் என்ற வசதி, அந்தக் கோப்புறையில் இருக்கும் என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பை நம்பியது. 24.04-இல் இருப்பது 1.9.15 என்பதால் இதிலும் மாற்றக் குறிப்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 22.04-இல் உள்ள 1.9.9-இல் அந்த ஓட்டை இல்லை. அதற்குள் அந்தக் கோளாறு நுழையவே இல்லை.

கெர்னல் ஓட்டைகள் வேறு சாதி. 2016-இன் டர்ட்டி கவ், 2022 மார்ச்சின் டர்ட்டி பைப், 2024-1086 எண்ணுள்ள நெட்ஃபில்டர் ஓட்டை எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றே: புது கெர்னல், பிறகு ரீபூட். நம் பக்கத்தில் நடக்காதது இரண்டாவது. காய் வரத்து நேரத்தில் சர்வரை நிறுத்த யாரும் விடமாட்டார்கள். கெர்னல் அப்டேட் தானாக இறங்கி டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கும், ஓடுவது பழையதாகவே இருக்கும். 'யூநேம் -ஆர்' காட்டுவதையும் பூட் கோப்புறையில் இருக்கும் புதிய கெர்னலையும் ஒப்பிட்டால் தெரியும். வார் ரன் கோப்புறையில் 'ரீபூட்-ரிக்வயர்டு' என்ற கோப்பு இருந்தாலும் அதுதான் பொருள். ஏலம் இல்லாத ஒரு நாளின் காலையில் பத்து நிமிஷம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வாசலைக் குறைப்பது

எஸ்யூஐடி கோப்புகளைப் பட்டியலிட 'ஃபைண்ட் / -எக்ஸ்டெவ் -டைப் எஃப் -பெர்ம் -4000'. ஹோம் தனிப் பார்ட்டிஷனில் இருந்தால் எக்ஸ்டெவ் அதைத் தாண்டிப் போகாது. அங்கே தனியாக ஓட்டுங்கள். எஸ்யூ, சூடோ, பாஸ்வேர்டு மாற்றும் நிரல், மவுன்ட், அன்மவுன்ட், நியூஜிஆர்பி, சிஎச்எஸ்எச் போன்றவை இயல்பு. ஒவ்வொன்றும் எந்தப் பொதியைச் சேர்ந்தது என்று 'டிபிகேஜி -எஸ்' (பெரிய எழுத்து எஸ்) கொண்டு கேட்கும்போது 22.04-இல் ஒரு பொய்ப் பயம் வரும். யூஎஸ்ஆர் பின் கோப்புறையில் உள்ள எஸ்யூவைக் கேட்டால் 'அப்படி எதுவும் இல்லை' என்று சொல்லும். பின் கோப்புறை யூஎஸ்ஆர் பின்னோடு இணைந்துவிட்டது, டிபிகேஜியின் பதிவேட்டில் மட்டும் பழைய பாதையே இருக்கிறது. முன்னால் உள்ள யூஎஸ்ஆரை எடுத்துவிட்டுக் கேட்டால் பெயர் வரும். அப்படியும் வராதது, அதிலும் ஹோம், டெம்ப், ஓப்ட் கோப்புறைகளில் இருப்பது, விசாரிக்க வேண்டியது.

வேலையை விட்டுப் போனவரின் ஐடியை 'யூசர்மாட் -எல்' (பெரிய எழுத்து எல்) கொடுத்து மூடிவிட்டோம் என்பார்கள். அது பாஸ்வேர்டை மட்டுமே பூட்டும். அவர் எஸ்எஸ்எச் சாவி வைத்திருந்தால் வழக்கம்போல உள்ளே வருவார். 'யூசர்மாட் -எல் -ஈ 1' என்று காலாவதித் தேதியையும் சேர்த்துக் கொடுத்தால்தான் கணக்கு மூடும். அதன் பிறகு அந்த ஐடியில் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களையும் க்ரான்டேப்பையும் பாருங்கள். தூங்குகிற பைத்தான் ஒன்று ரீபூட்டுக்குப் பிறகும் எழுந்து வருவதற்கு க்ரானில் ஒரு வரி போதும்.

கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரின் குரூப்பிலோ எல்எக்ஸ்டியின் குரூப்பிலோ இருக்கிற யூசருக்கு எந்த ஓட்டையும் தேவையில்லை. அந்தக் குரூப்பே ரூட்டுக்குச் சமம். உபுண்டு சர்வரை நிறுவும்போது உருவாகிற முதல் யூசர் சூடோவோடு எல்எக்ஸ்டியிலும் இருப்பார். சூடோவிலிருந்து மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

பிஎச்பி-எஃப்பிஎம் சர்வீஸுக்கு சிஸ்டம்டியில் 'நோநியூபிரிவிலேஜஸ்=யெஸ்' என்ற வரியைச் சேர்ப்பது நல்ல பழக்கம். 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கொடுத்து, சர்வீஸ் என்ற தலைப்பின் கீழ் எழுதி, சர்வீஸை மறுபடி தொடங்க வேண்டும். வெப் வழியாக வந்தவன் ப்வன்கிட், சூடோ மாதிரி எஸ்யூஐடி நிரல்களைத் தொட்டாலும் அவை அதிகாரம் பெறாது. நீட்ரீஸ்டார்ட்டுக்கு இது தடையே இல்லை என்பதைக் கவனியுங்கள்: அங்கே மேலே ஏறுவது தாக்குகிறவனின் ப்ராசஸ் இல்லை, ரூட்டே கீழே இறங்கி வந்து அவன் மாட்யூலை எடுக்கிறது. இன்னொன்று, பில்லை மெயிலில் அனுப்ப பிஎச்பி நேரடியாக போஸ்ட்ஃபிக்ஸைக் கூப்பிடுகிற அமைப்பு என்றால் இந்த வரி போட்டதும் மெயில் நிற்கும். போஸ்ட்டிராப் என்ற நிரல் எஸ்ஜிஐடி அதிகாரத்தால்தான் (எஸ்யூஐடி போலவே, ஆனால் குரூப்பின் அதிகாரம்) மெயில் வரிசையில் கடிதத்தைப் போடுகிறது. எஸ்எம்டிபி வழியாக 127.0.0.1-க்கு அனுப்பும்படி பில்லிங்கை மாற்றினால் தீரும்.

அப்டேட் தானாக வருகிறதா என்பதையும் ஒரு முறை பாருங்கள். ஆப்ட்.கான்ஃப்.டி கோப்புறையில் 20ஆட்டோ-அப்கிரேட்ஸ் கோப்பின் இரண்டு வரிகளிலும் 1 இருக்க வேண்டும். சாஃப்ட்வேர் போட்டவர்கள் 'அப்டேட் வந்தால் பில்லிங் உடைந்துவிடும்' என்று 0 ஆக்கிவிட்டுப் போயிருப்பது சகஜம். 20.04-இன் பொது ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. உபுண்டு ப்ரோவில் பதிந்தால்தான் இனித் திருத்தம் வரும். ஐந்து இயந்திரம் வரை இலவசம்.

ரூட் போய்விட்டது என்றால்

சுத்தம் செய்கிறேன் என்று உட்காராதீர்கள். ரூட்டாக இருந்தவன் உங்கள் 'எல்எஸ்'ஸையும் 'பிஎஸ்'ஸையும் மாற்றியிருக்கலாம். 'டிபிகேஜி --வெரிஃபை' மாறிய கோப்புகளைக் காட்டும். ஆனால் ஒப்பிடுகிற பட்டியலும் அதே டிஸ்க்கில்தான். நெட் கேபிளைப் பிடுங்கி, டிஸ்க்கை அப்படியே ஒரு நகல் எடுத்து வைத்து, வேறு டிஸ்க்கில் புதிதாக நிறுவுங்கள். பேக்கப்பிலிருந்து தரவை மட்டும் எடுங்கள். பிஎச்பி கோப்புகளைப் பழைய பெட்டியிலிருந்து எடுத்தால் வந்த வழியையும் சேர்த்தே எடுத்து வருவீர்கள். எஸ்டேட் பக்கத்து விபிஎன் சாவி, தரவுத்தள பாஸ்வேர்டு, எஸ்எஸ்எச் சாவிகள் எல்லாம் புதிதாக.

மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவின்படி இப்படிப்பட்ட ஊடுருவலைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். உபுண்டுவின் இயல்பான லாக்ரொட்டேட் அமைப்பு வாரம் ஒரு முறை சுழற்றி 4 கோப்புகளை மட்டும் வைக்கும். அதாவது கணக்கில் ஒரு மாசம். லாக்ரொட்டேட்.டி கோப்புறையில் ஆர்சிஸ்லாக் கோப்பைத் திறந்து 'ரொட்டேட் 4' என்பதை 26 ஆக்குங்கள். அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸுக்குத் தனிக் கோப்பு உண்டு. அது தினமும் 14 என்று இருந்தால் 180. சுருக்கி வைப்பதால் இடம் பெரிதாகப் போகாது. அதே லாக்கை ஆர்சிஸ்லாக் வழியாக எஸ்டேட் ஆபீஸில் உள்ள இன்னொரு பெட்டிக்கும் அனுப்பி வையுங்கள். இங்கே ரூட் ஆனவனால் அங்கே உள்ளதை அழிக்க முடியாதபடி, அந்தப் பெட்டிக்கு இங்கிருந்து எஸ்எஸ்எச் வழி இல்லாமல் இருக்கட்டும்.